கோப்பிக் கேத்தலும் கதியால் பேணியும்

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் 'ஹிடன் ஃபிகர்ஸ்' படத்தைப் பற்றி உங்கள் விமர்சகர் எழுதியதை வாசித்தேன். நல்ல எழுத்துத்தான். ஆனால் தோலைப் பார்த்து ஆளை ஒதுக்குகிற புத்தி வெள்ளைக்காரருடையது, ஒடுக்குமுறையை அனுபவித்த நமக்கு இதில் படிக்க ஒன்றுமில்லை என்று முடித்துவிட்டார். அந்த 'நமக்கு'க்குள் நானும் அடங்குவேனா என்று தெரியவில்லை.

மகள்தான் படத்தைப் போட்டுக் காட்டினாள். 1961இல் நாசாவில் விண்கலத்துக்குக் கணக்குப் போடுகிற கறுப்பினப் பெண் கத்தரின் ஜோன்சனுக்கு, 'கறுப்பர்' என்று ஒட்டிய தனிக் கோப்பிக் கேத்தல். அதைக் கண்டதும் எனக்கு விண்வெளி மறந்துபோயிற்று. 1977 கலவரத்தில் மாத்தளைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயமொன்றிலிருந்து வன்னிக்கு ஓடிவந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா கிளிநொச்சியில் கூலிக்கு வயலில் நின்றார். தேத்தண்ணி நேரம் எங்களுக்கென்று வேலித் தடியான கதியாலில் ஒரு தகரப் பேணி, குடிக்கிற குவளை, தொங்கும். அதில் யாரும் எதுவும் எழுதி ஒட்டவில்லை. தேவைப்படவில்லை.

பள்ளிக்கூடத்தில் நான் 'தோட்டக்காட்டான்'. ஒரு வாத்தியாருக்கு 'வடக்கத்தியான்', அதாவது வடக்கே இந்தியாவிலிருந்து வந்தவன். வடக்குக்கு வந்து சேர்ந்த பிறகு அந்தப் பெயர் கிடைத்தது இன்னும் வேடிக்கை. 1948இல் மலையகத் தமிழரான எங்கள் குடியுரிமை பறிபோனதும், மிச்சமிருந்தோருக்கு 2003இல்தான் சட்டம் வழிவிட்டதும் உங்களுக்குத் தெரியாததல்ல. அது கொழும்பின் கைங்கரியம், சரி. கதியாலில் பேணியைக் கொழுவியது யார்? 2009இல், போரின் கடைசி நாட்களில், ஒரே பங்கருக்குள் ஒரே போத்தல் தண்ணீரைக் குடித்தோம். மீள்குடியேறி வேலி அடைத்ததும் அயலவருக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

இன்னொன்று. படத்தில் வெள்ளைக்கார மேலதிகாரி கழிப்பறைப் பலகையை உடைக்கும் காட்சியை விமர்சகர் உருகி உருகி எழுதியிருக்கிறார். அது படத்துக்காகச் சேர்த்தது. யாரையும் கேளாமல் வெள்ளையர் கழிப்பறையையே பாவித்ததாக ஜோன்சன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். லயத்தில் பிறந்தவனுக்கு, துரை வந்து காப்பாற்றுகிற கதையைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும்.

அப்புறம், அதே இதழின் மணமகள் தேவைப் பக்கத்தையும் ஒருக்கால் திருப்பிப் பாருங்கள். உயர் குலமாம், சிவந்த நிறமாம். போன மாதம் மகளுக்காக விளம்பரம் கொடுக்க உங்கள் கிளைக்கு வந்தேன். படிவத்தில் சாதி, நிறம் இரண்டையும் வெறுமையாக விட்டேன். மேசையிலிருந்த தம்பி, "ஐயா, இதை நிரப்பாட்டி எடுக்கேலாது" என்றார். தொழில் என்ற இடத்தில் 'கணித ஆசிரியை' என்று நான் எழுதியிருந்ததை அவர் வாசிக்கவேயில்லை.

விமர்சகரைத் திருத்தச் சொல்லி நான் கேட்கவில்லை, அவர் படித்தவர். அந்த இரண்டு கட்டங்களும் வெறுமையாக இருந்தாலும் விளம்பரத்தை எடுக்கும்படி அந்தத் தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காசு முழுதாகவே கட்டுகிறேன்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகன்,
கிளிநொச்சி.