ஏதேன் பாம்பும் சாத்தானும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நல்ல இடத்தில் வரன் அமைந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு இப்போது பொடி எழுத்தும் தெரிகிறது. வேதாகமத்தை மறுபடி முதலிலிருந்து வாசிக்கிறேன்.

ஏதேன் தோட்டத்துக்கு வருமுன்பே சாத்தான் பரலோகத்திலிருந்து விழுந்துவிட்டானா என்று கேட்டிருந்தாய். பாம்பு ஏவாளை ஏமாற்றுகிற ஆதியாகமம் 3-ஐ மட்டும் தனியாக வாசித்துப் பார். சாத்தான் என்ற பெயரே அங்கே இல்லை. கர்த்தர் உண்டாக்கின காட்டு ஜீவன்களில் எல்லாவற்றையும்விடத் தந்திரமுள்ளது சர்ப்பம், அவ்வளவுதான். வயிற்றால் நகர்வது, மண்ணைத் தின்பது என்று தண்டனையும் மிருகத்துக்கு ஏற்றதாகவே இருக்கிறது.

யோபுவில் சாத்தான் வருகிறான். ஆனால் தேவபுத்திரரோடு, அதாவது பரலோகவாசிகளோடு, கர்த்தருடைய சந்நிதியில் வந்து நிற்கிறான். உத்தரவு கிடைக்காமல் யோபின் ஆட்டைக்கூட அவனால் தொடமுடியாது. என்னை அதிகம் யோசிக்க வைத்தது தாவீது ராஜா ஜனங்களைக் கணக்கெடுத்துப் பாவத்துக்குள்ளான சம்பவம். 2 சாமுவேல் 24-ல் கர்த்தருடைய கோபம் அவனை அதற்கு ஏவுகிறது. யூதர்கள் பாபிலோனில் இருந்த சிறையிருப்புக்குப் பிறகு எழுதப்பட்ட 1 நாளாகமம் 21-ல் அதே ஏவுதலைச் சாத்தான் செய்கிறான். தீமையைக் கர்த்தர் கணக்கில் எழுத அந்தத் தலைமுறைக்கு மனம் வரவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. சாத்தானின் வீழ்ச்சிக்கு நாம் காட்டுகிற ஏசாயா 14 பாபிலோன் ராஜாவைப் பற்றியது, எசேக்கியேல் 28 தீருவின் ராஜாவைப் பற்றியது. பழைய பாம்பு சாத்தான்தான் என்று நேராகச் சொல்வது கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தல்.

இப்படி வாசித்தால் விசுவாசம் ஆட்டம் காணும் என்று நினைக்காதே. எனக்கு ஆதியாகமம் 3-ம் அதிகாரம் முன்னைவிடக் கனமாகிவிட்டது. விலக்கின கனியைத் தின்றாயோ என்று கர்த்தர் ஆதாமைக் கேட்கிறார். அவன் ஏவாளைக் காட்டுகிறான். ஏவாளைக் கேட்கிறார், அவள் பாம்பைக் காட்டுகிறாள். பாம்பிடம் மட்டும் ஒரு கேள்வியும் இல்லை, நேரே சாபம்தான். பதில் சொல்லவேண்டியவர்கள் அந்த இரண்டு பேர். பாம்புக்குள் சாத்தானை வைத்துவிட்டால், நாமும் அவர்களைப் போலவே கையை நீட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறோம்.

அப்புறம் இன்னொன்று. பாம்பு என்றாலே பிசாசு என்றால், எண்ணாகமம் 21-ல் மோசே கம்பத்தில் தூக்கிவைத்த வெண்கலச் சர்ப்பத்தை என்ன சொல்வது? பாம்புகளால் கடிபட்டவர்கள் அதை நோக்கிப் பார்த்துத்தானே பிழைத்தார்கள்? யோவான் 3-ல் இயேசு தம்மையே அதற்கு ஒப்பிடுகிறாரே! இதை உன் சபைப் போதகரிடம் கேட்டு, அவர் சொல்வதை எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்