அக்கா பெயரில் எழுதுங்கள், நைனா

ஆர்ட்சிஞானோ, இத்தாலி
12 ஜனவரி 2025

அன்புள்ள நைனாவுக்கும் அம்மாவுக்கும்,

உங்கள் சின்ன மகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம். உங்கள் இருவர் நலத்தையும், அக்கா, மாமா, பிள்ளைகள் நலத்தையும் அறிய ஆவல்.

கார்த்திகை தீபத்தன்று நீங்கள் எழுதிய கடிதம் வருடக் கடைசியில் கைக்கு வந்தது. நான்கு மாதமாக நான் ஒரு வரிகூட எழுதாமல் இருந்ததற்கு நீங்கள் திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும். திட்டாமல், "வேலை அதிகமாக இருக்கும், பரவாயில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். காது மந்தமான பிறகு உங்களோடு போனில் பேச முடிவதில்லை, கடிதம்தான் வழி என்று தெரிந்தும் சும்மா இருந்தேன். மன்னித்துவிடுங்கள்.

குளிர் எப்படி என்று அம்மா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு, மூன்று டிகிரி. அதைவிடப் பனிமூட்டம்தான் பெரிது. மார்கழியில் பாலாற்றுப் பாலத்தில் பார்ப்போமே, எட்டு மணி வெயிலுக்குக் கலைந்துவிடும். இங்கே மூன்று நாள்கூடக் கலையாமல் நிற்கிறது. நான் இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் ஜாக்கெட் போட்டுக்கொள்கிறேன். அறையில் ஹீட்டர் இருக்கிறது. மூன்று பேர் ஒரே அறையில் படுப்பதால், சாயங்காலம் இரண்டு மணி நேரம் போட்டாலே சூடு தங்கிவிடுகிறது. அம்மா கவலைப்பட வேண்டாம்.

இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் தோல் தொழிற்சாலைகள்தான். ராணிப்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூக்கில் ஏறுமே ஒரு வாடை, அது இங்கேயும் காற்றில் இருக்கிறது. மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அது நீங்கள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும் வாடை. நீங்கள் முப்பது வருடம் பக்கத்தில் நின்ற மர டிரம்தான் இங்கேயும் சுற்றுகிறது. ஆனால் தண்ணீரும் தோல் பதனிடும் குரோம் உப்பும் அளவு பார்த்துத் தாமாகவே இறங்குகின்றன. காதில் அடைப்பான் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அதைக் காதில் வைக்கும் ஒவ்வொரு காலையும் உங்கள் காதை நினைத்துக்கொள்கிறேன். இப்போது ஆர்டர் கொஞ்சம் குறைவு என்று வாரத்தில் மூன்று நாள்தான் கூப்பிடுகிறார்கள். கோடைக்குள் சரியாகிவிடும் என்கிறார்கள். உடம்புக்கும் ஓய்வு கிடைக்கிறது.

கீழ்வீட்டுக் கிழவியைப் பற்றி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். நோன்னா என்று கூப்பிடுவோம், இங்கே பாட்டியை அப்படித்தான் அழைப்பார்கள். எண்பத்து நான்கு வயது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத் துடைப்பக் கட்டையால் தன் வீட்டு மேல்தளத்தில் மூன்று தட்டுத் தட்டுவாள். எங்கள் தரை அதிரும். சாப்பிட வா என்று அர்த்தம். மேலே மூன்று பேர் இருந்தும் என்னை மட்டும் ஏன் கூப்பிடுகிறாள் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் அவள் அடுப்பில் பார்த்ததை அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். செம்புக் கொப்பரையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மக்காச்சோள மாவைப் பிடிப்பிடியாக உதிர்த்து, நீளமான மரக்கட்டையால் முக்கால் மணி நேரம் கையெடுக்காமல் கிண்டினாள். கட்டி தட்டக் கூடாதாம். பிறகு அப்படியே பலகையில் கவிழ்த்து, அடியில் ஒரு நூலைக் கொடுத்து இழுத்துத் துண்டு போட்டாள். பொலெந்தா என்று பெயர். அம்மா, அது நம் களிதான்! கேழ்வரகு இருக்கும் இடத்தில் சோளம், அதனால் மஞ்சள் நிறம். தொட்டுக்கொள்ள என்ன வைத்தாள் தெரியுமா? கருவாடு. நார்வேயிலிருந்து விறகுக்கட்டை போலக் காய்ந்து வரும் மீன். இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, வெங்காயம், பால், எண்ணெய் சேர்த்து, கிளறாமல் நாலைந்து மணி நேரம் சிறு தீயில் வைக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் விச்சென்சா நகரத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே இந்தச் சாப்பாடுதானாம். புளி இல்லை, மிளகாய் இல்லை. ஆனாலும் களியைப் பிட்டு அந்தக் கருவாட்டில் தொட்டு வாயில் வைத்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நான் கையால் சாப்பிடுவதைப் பார்த்து அவளும் முள்கரண்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் சாப்பிட்டாள்.

நாளை மறுநாள் பொங்கல். எனக்கு அன்று வேலை இருக்கிறது. அக்கா வாசலை அடைத்துக் கோலம் போட்டிருப்பாள். இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் வந்திருக்கும். அணைக்கட்டுப் பக்கம் மாடு விடும் விழாவுக்கு மாமா பிள்ளைகளைக் கூட்டிப்போனால் தடுப்புக்கு இந்தப் பக்கமே நிற்கச் சொல்லுங்கள்.

ஒன்று சொல்கிறேன் நைனா, இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இரவு விளக்கை அணைத்த பிறகு நான் நம் வீட்டுக்குள் நடப்பேன். கேட்டின் கொண்டியைத் தூக்கித் தள்ள வேண்டும், இல்லையென்றால் திறக்காது. வேப்பமரத்தடியில் துவைக்கும் கல். திண்ணையில் உங்கள் நாற்காலி. கூடத்தில் இடது பக்கம், அக்கா சாய்ந்து சாய்ந்து எண்ணெய்க் கறை ஏறிய சுவர். சமையலறை ஜன்னலில் மலை. மாடிப்படிக்கு வருவதற்குள் தூங்கிவிடுவேன். தூக்கம் வராத நாளில் திரும்பக் கேட்டிலிருந்து ஆரம்பிப்பேன். இப்போதெல்லாம் இரண்டு மூன்று முறை போய்வர வேண்டியிருக்கிறது.

அந்த வீட்டை விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நோன்னாவிடம் நம் வீட்டுக் கதையைச் சொன்னேன். குலுக்கலில் என் நைனாவுக்கு வீடு விழுந்தது என்றதும் எழுந்து நின்றுவிட்டாள். அவள் வாரம் தவறாமல் இந்நாட்டு லாட்டரியில் பணம் கட்டுகிறவள். ஒன்று முதல் தொண்ணூறு வரை எண்கள், அதில் ஐந்தை எடுப்பார்கள். கனவில் வந்தது எதுவானாலும் அதற்கு ஓர் எண் இருக்கிறது. வீட்டு எண் என்ன என்று கேட்டாள். 63 என்றேன். 63 என்றால் மணப்பெண்ணாம். உடனே பணம் கட்டிவிட்டாள். மணப்பெண் என்றதும் எனக்கு அக்கா முகம்தான் வந்தது. அன்றிலிருந்து உங்கள் கடிதத்தை வேறு மாதிரி படிக்கிறேன்.

1992-ல் வீட்டு வசதி வாரியத்தின் அந்தக் குலுக்கலுக்கு என்னைத் தோளில் தூக்கிப்போனீர்கள். எனக்கு ஐந்து வயது, கூட்டம் மட்டும்தான் நினைவிருக்கிறது. சீட்டுகளைப் போட்டுச் சுற்றிய பெட்டி, "நம் தோல் டிரம் குட்டி போட்டதுபோல் இருந்தது" என்று நீங்கள் சொல்லிச் சொல்லி, நானே பார்த்ததுபோல ஆகிவிட்டது. அதற்கு முன் வாராவாரம் லாட்டரிச் சீட்டு வாங்குவீர்கள். அம்மா சண்டை போட்டால், "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்பீர்கள். வீடு விழுந்த அன்றோடு விட்டீர்கள். தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தது 2003-ல். நீங்கள் பதினோரு வருடம் முன்பே நிறுத்தியவர்.

ஆனால் அன்று விழுந்தது வீட்டை வாங்கும் உரிமைதான் நைனா. விலையை நாம் கட்டினோம். உங்கள் சம்பளம் 1,400 ரூபாய், மாதத் தவணை 740. மொத்தம் 180 தவணை. உங்கள் சம்பளத்தில் அரிசியும் எங்கள் பள்ளிக்கூடமும் போக என்ன மிச்சமிருந்திருக்கும்? அம்மா பீடி சுற்றினாள். அக்கா பத்தாவது பரீட்சை எழுதிய மறுநாளே மடியில் முறத்தை வைத்துக்கொண்டு அந்தச் சுவரில் சாய்ந்தாள். இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, நாளுக்கு ஆயிரம் பீடி. அண்ணன் டிப்ளமா படித்தார், நான் டிப்ளமா படித்தேன். கிரயப் பத்திரம் கைக்கு வந்த 2007-ல் அவளுக்கு வயது 26. அதற்கு அடுத்த வருடம்தான் கல்யாணம்.

உங்கள் கடிதத்தில் அண்ணன் சொன்னது இருக்கிறது. வீட்டை வாங்கக் கேட்கும் லாட்ஜ்காரர் சொன்ன 55 லட்சம் இருக்கிறது. தரகர் சொன்னது இருக்கிறது. அக்கா என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை. அதே வீட்டில் உங்களுக்குச் சோறு போடுகிறவள் அவள். அவளைக் கேட்டீர்களா?

விற்ற பணத்தில் ஒரு பங்கு என் கடனுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று மாதமாக நான் குறைத்து அனுப்பியதை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டீர்கள். அந்தக் கடன் நான் வாங்கியது. இன்னும் ஒன்றரை வருடத்தில் தீர்த்துவிடுவேன். அதற்காக அந்த வீட்டின் ஒரு செங்கல்கூட அசைய வேண்டாம். அண்ணன் ஓசூரில் பிளாட் வாங்க ஆசைப்படுவது தப்பில்லை, அதற்கு வங்கியில் கடன் கிடைக்கும். அவருக்கு நான் தனியாக எழுதுகிறேன். அது நாங்கள் இருவரும் பேசித் தீர்க்க வேண்டிய மனவருத்தம், நீங்கள் நடுவில் நிற்க வேண்டாம்.

லாட்ஜ்காரர் அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம், மீதியைக் கையில் ரொக்கமாகத் தருகிறேன் என்கிறாரே, அதற்கு ஒருநாளும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வீடு விற்கும்போது 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

என் எண்ணம் இது. வீட்டை அக்கா பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுங்கள். நீங்கள் சம்பாதித்த சொத்து, யாருக்கு எழுதவும் உங்களுக்கு உரிமை உண்டு. ரத்த சொந்தத்துக்கு எழுதினால் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம்தான், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. இதை நான் அனுப்புகிறேன், ஆடிக்குள் சேர்த்துவிடுவேன். நீங்களும் அம்மாவும் உயிரோடு இருக்கும் வரை அந்த வீட்டில் அனுபவிக்கும் உரிமை உங்களுக்கே என்றும், உங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் பத்திரத்தில் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். அக்காவை நம்பாமல் சொல்லவில்லை. அப்படி எழுதினால்தான் நான் இங்கே தூங்குவேன். எனக்குப் பங்கு வேண்டாம். லீவில் வரும்போது கூடத்தில் பாய் போட இடம் இருந்தால் போதும்.

மாசி பிறந்ததும் அட்வான்ஸ் என்று எழுதியிருந்தீர்கள். வாங்காதீர்கள். இந்தக் கடிதம் வருவதற்குள் வாங்கிவிட்டிருந்தால் அதைத் தொடாமல் அப்படியே வையுங்கள், திருப்பிக் கொடுத்துவிடலாம். வில்லங்கச் சான்று ஒன்று போட்டு எடுக்கச் சொல்லி மாமாவிடம் சொல்லுங்கள். பீரோவில் இருக்கும் கிரயப் பத்திரத்தை அக்காவின் பெரியவன் போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பட்டும். பத்திரம் எழுதுகிறவரிடம் போவதற்கு முன்னால் அக்காவை உட்காரவைத்துக் கேளுங்கள். அவள் "எனக்கு எதற்கு" என்றுதான் சொல்வாள். அத்தோடு விட்டுவிடாதீர்கள், அடுத்த நாள் திரும்பக் கேளுங்கள்.

அம்மாவின் முழங்காலுக்கு இங்கே ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். ஊருக்கு வருகிறவர் யாராவது கிடைத்தால் கொடுத்தனுப்புகிறேன். கம்பளியை ராத்திரி திண்ணையில் மடித்து வைக்காமல் போர்த்திக்கொள்ளுங்கள் நைனா.

இப்படிக்கு,
உங்கள் சின்ன மகன்

பி.கு.: 63 மூன்று வாரமாக விழவில்லை. குலுக்கலில் உங்களுக்கு வந்த சீட்டின் எண் என்ன என்று நோன்னா கேட்கிறாள். நினைவிருந்தால் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.