அந்த அறிவிப்பைக் கிழித்துவிடுங்கள்: அடுக்ககச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு, வணக்கம்.

"பலமுறை சொல்லியும் பெரும்பாலோர் குப்பையைப் பிரித்துத் தருவதில்லை." லிஃப்ட் பக்கத்தில் இப்படி ஒட்டியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். கண்டிக்கத்தான் எழுதினீர்கள். படிப்பவர் மனதில் பதிவதோ, "யாருமே பிரிக்கவில்லை, நான் மட்டும் ஏன்?" என்பதுதான்.

அமெரிக்காவில் அரிசோனாவின் கல்மரக் காடு தேசியப் பூங்காவில் ராபர்ட் சால்டினி என்ற உளவியலாளரின் குழு இதைச் சோதித்தது. முன்பு வந்த பலர் கல்மரத் துண்டுகளை (கல்லாக மாறிய பழங்கால மரம்) எடுத்துப் போனதாகப் பலகை வைத்தபோது, ஆய்வுக் குழு அடையாளமிட்டு வைத்த துண்டுகளில் 7.92 சதவீதம் காணாமல் போயின. எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்ட பலகைக்கு 1.67 சதவீதம்தான்.

ஆகவே முதலில் எண்ணுங்கள். ஏழு நாள், மாடிவாரியாக, தூய்மைப் பணியாளர் வாளியை வாங்கும்போதே ஒரு தாளில் குறிக்கட்டும்: பிரித்தது, கலந்தது. காய்கறித் தோலை பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டுத் தந்தால் அதுவும் கலந்ததே. உரக்குழியைக் கெடுப்பது பெரும்பாலும் அந்தப் பைதான். வாளிக்குள் செய்தித்தாள் விரித்தால் பை தேவைப்படாது. இந்த வேலைக்குப் பணியாளருக்குத் தனியாகப் பணம் கொடுங்கள்.

பாதிக்கு மேல் பிரித்திருந்தால் அந்த எண்ணையே எழுதுங்கள்: "இரண்டாம் மாடியில் எட்டு வீடுகளில் ஆறு வீடுகள் பிரித்துத் தருகின்றன." நகரக் கணக்கைவிட அதே மாடியின் கணக்குக்கு வலு அதிகம். பாதிக்குக் கீழ் என்றால் எண்ணை மறைத்து, பிரிக்கும் முறையை மட்டும் ஒட்டுங்கள். இரண்டு வாரம் கழித்து எண்ணி, கூடியிருந்தால் "போன முறை இரண்டு வீடு, இப்போது நான்கு" என்று எழுதலாம். பொய் எண் வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டு வாளி எல்லார் கண்ணிலும் படுகிறது. ஒரு முறை பிடிபட்டால் சங்கத்தின் எந்த அறிவிப்பையும் நம்ப மாட்டார்கள். கதவு எண்ணைக் குறித்து வாட்ஸ்அப்பில் போடுவதும் தவறு. சண்டைதான் மிஞ்சும்.

தண்ணீர் மீட்டர் உள்ள அடுக்ககங்கள் இதே போலச் சராசரித் தண்ணீர்ச் செலவை அச்சடித்துத் தர நினைத்தால், ஓர் எச்சரிக்கை. கலிபோர்னியாவின் சான் மார்கோஸில் சுமார் 290 வீடுகளுக்கு அக்கம்பக்கத்துச் சராசரி மின்செலவைத் தெரிவித்தார்கள். 2007இல் முடிவு வெளியானது. அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். குறைவாகச் செலவழித்தவர்களோ சராசரியை நோக்கி ஏறிவிட்டார்கள்! அவர்களுக்கு வந்த சீட்டில் ஒரு சிரித்த முகம் வரைந்தபோது அந்த ஏற்றம் நின்றது. சராசரியை மட்டும் அச்சடிக்காதீர்கள். குறைவாகச் செலவழிக்கும் வீட்டுக்கு ஒரு பாராட்டு வரியும் சேருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே காலையில் கெடுக்கக்கூடியது குப்பை வண்டி. பிரித்துக் கொடுத்த மக்கும் குப்பை, மக்காத குப்பை இரண்டையும் ஒரே தொட்டியில் கொட்டுவதை ஒருவர் பார்த்தால் போதும், அந்த மாடியே மறுநாள் பிரிக்காது. வண்டியில் தனித்தனி அறை உண்டா என்று வார்டு அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்த பிறகே எண்ணத் தொடங்குங்கள்.

அன்புடன்,
கழிவுப் பிரிப்புப் பணியில் இருப்போர்