நடைக்கு 3 அடி போதுமா?

அன்பு மகளுக்கு,

நீ வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீட்டு பிளானைக் கடையில் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து வந்து, நேற்று முழுக்க ஸ்கேலும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். "ரிட்டயர் ஆனவருக்கு வேலை கிடைச்சிருச்சு" என்று உன் அம்மாவுக்கு ஒரே கேலி. சமையலறை நன்றாக வந்திருக்கிறது. எனக்கு உறுத்துவது நடைதான். ஹாலிலிருந்து அந்த வீட்டுப் பெரியவரின் படுக்கையறைக்குப் போகும் பாஸேஜை 3 அடியாகக் குறுக்கிவிட்டு, மிச்சத்தை வார்ட்ரோபுக்குக் கொடுத்திருக்கிறாய்.

3 அடி தாராளம் என்றுதான் நானும் காலமெல்லாம் வரைந்தேன். நம் வீட்டுக்கும் அதையேதான் போட்டேன். அப்பாயியை ஆஸ்பத்திரியிலிருந்து வீல்சேரில் கூட்டி வந்தபோது நீ ஹாஸ்டலில் இருந்தாய். நேராகத் தள்ளும்வரை ஒரு சிக்கலும் இல்லை. அறை வாசலில் திருப்பும்போதுதான் கால்மிதி எதிர்ச்சுவரில் இடித்து நின்றுவிட்டது. பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கடைசியில் நானும் சித்தப்பாவும் அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தோம். "ஊருக்கெல்லாம் பிளான் போடுறே, என்னை அளக்க மறந்துட்டியேடா" என்றார் அப்பாயி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வீல்சேர் நேராகப் போக 900 மில்லிமீட்டர், அதாவது உன் 3 அடி, போதும். நின்ற இடத்தில் முழுவட்டம் திரும்ப 1500 வேண்டும், கிட்டத்தட்ட 5 அடி. அத்தனை இடத்துக்கு எங்கே போவேன் என்பாய். நடை முழுக்க வேண்டாம். அறை வாசலுக்கு எதிரே மட்டும் வார்ட்ரோபைக் கொஞ்சம் உள்ளே தள்ளு. கதவையும் இரண்டரை அடியில் விடாதே. வாசல் அகலமாக இருந்தால் நடை குறுகல் அவ்வளவாகத் தெரியாது. அப்புறம், உன் 3 அடி செங்கல்லுக்குச் செங்கல் அளந்ததா, பூச்சுக்குப் பிறகா? இரண்டு பக்கப் பூச்சிலேயே ஓர் அங்குலம் போய்விடும். பிடித்து நடக்கக் கைப்பிடிக் கம்பி வைத்தால் இன்னும் மூன்றரை அங்குலம்.

"தாத்தா வீட்டு ரேழி இதைவிடக் குறுகலாச்சே" என்று நீ வாதாடுவாய், தெரியும். அங்கே திண்ணையைத் தாண்டி ரேழிக்குள், அதாவது வாசலுக்கும் முற்றத்துக்கும் நடுவே உள்ள நடைக்குள், நுழைந்தால் கும்மிருட்டு. நாலு எட்டு வைத்தால் முற்றத்து வெயில் முகத்தில் அடிக்கும். வெளிச்சம் கண்ணெதிரே இருந்ததால் குறுகல் உறைக்கவில்லை. உன் நடை முடிகிற இடம் வெளிச்சுவர்தானே? அங்கே ஷோகேஸ் எதற்கு, ஜன்னல் வை. ஆனால் அது மேற்குப் பக்கம். சாயங்கால வெயில் பளபளப்பு டைல்ஸில் பட்டால் வயதானவர்களுக்குக் கண் கூசும், ஈரம் கிடந்தாலும் தெரியாது. மேட் டைல்ஸ் போட்டுவிடு.

ரேழி என்ற சொல்லே இடைகழியிலிருந்து வந்ததுதான். திருக்கோவலூர்க் கதை உனக்குத் தெரியும்: மழை இரவில் இடைகழியில் ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். மழைக்கு ஒதுங்கிய முதலாழ்வார்கள் மூவரும் நின்றுகொண்டிருக்க, நான்காவதாக ஒருவர் (பெருமாள்தான்) வந்து நெருக்கினார். அது யாரென்று பார்க்க, பாட்டாலேயே விளக்கேற்றினார்கள். உன் பெரியவர் ராத்திரி பாத்ரூம் போகப் பாட்டுப் பாடிக்கொண்டிருக்க முடியாது. நீயோ ஹால் முனையில் ஒரே ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறாய்! டூவே சுவிட்ச் போட்டு, இன்னொன்றை அறை வாசலுக்குக் கொண்டு வா. கணுக்கால் உயரத்தில் சின்ன விளக்கு ஒன்று விடிய விடிய எரியட்டும்.

சுவர் எழும்புவதற்கு முன்னால், சைட்டில் தரையிலேயே சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு வீல்சேரை வாடகைக்கு எடுத்து, நீயே உட்கார்ந்து திருப்பிப் பார். மாப்பிள்ளை தள்ளட்டும். வீடியோ எடுத்து அனுப்பச் சொல், அம்மா பார்க்கணுமாம்.

அன்புடன்,
அப்பா