படத்துக்குக் கீழே ஒரு வரி: கடற்கரை விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

உலகின் அழகிய கடற்கரைகள் எனப் பட்டியலிட்டு வெளிநாட்டு விடுமுறைப் பயணங்களை ஏற்பாடு செய்து தரும் நிறுவனத்தாருக்கும், அத்தகைய பட்டியல்களை ஆண்டுதோறும் வெளியிடும் சுற்றுலா இதழாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

கடந்த ஜூலை மாதம் உங்களுள் ஒருவர் ஏற்பாடு செய்த பயணத்தில் நாங்கள் ஐவர் தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குச் சென்று வந்தோம். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இது அந்த ஒருவருடைய குற்றமாகச் சுருங்கிவிடும், ஏனையோர் நிம்மதியாக அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். ஊர் திரும்பியதும் அவர்களுக்கு இரண்டு மின்னஞ்சல்கள் அனுப்பினேன். இரண்டாவதற்குப் பதில் வந்தது: "நீங்கள் சென்றது படத்தில் உள்ள அதே கடற்கரைதான்." மறுக்க முடியாத உண்மை என்பதால் அவர்களோடு மேற்கொண்டு வாதிடாமல் உங்கள் எல்லோருக்கும் இம்மடலை எழுதுகிறேன்.

அந்தமான் கடலைப் பார்த்திருக்கும் அத்தீவின் மேற்குக் கரையில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் என்பதையும், அம்மாதங்களில் அங்கே கடல் எப்படி இருக்கும் என்பதையும் உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரியில் கேட்கும் கட்டணத்தில் ஏறக்குறையப் பாதிக்கு அதே அறையை ஜூலையில் உங்களால் தர முடிந்தது அது தெரிந்திருந்ததால்தான். நாங்களோ அதை உங்கள் தாராள மனம் என்று நம்பினோம். நன்றி தெரிவித்து ஒரு கடிதம்கூட அனுப்பியிருந்தேன்; அதைத் திரும்பப் பெற வழியிருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள்.

என் தாயாருக்கு வயது 74. முழங்கால் வலி உள்ளவர்; நீச்சல் தெரியாது. தெளிந்த நீரில் முழங்கால் அளவுக்கு இறங்கிச் சிறிது நேரம் நிற்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அலையடிக்கும் கடலில் அவரால் நிலைத்து நிற்க முடியாது என்பதால்தான், உங்கள் கையேட்டின் எத்தனையோ படங்களுக்கு இடையில், கண்ணாடி போல் அசையாமல் கிடந்த அந்தப் பச்சை நீரைத் தேடிப் பிடித்தோம். பதிவு செய்யும்போது தொலைபேசியில் இதை விளக்கமாகச் சொல்லிக் கேட்கவும் செய்தோம். "குளம் மாதிரி இருக்கும், அம்மாவைத் தைரியமாக அழைத்துப் போங்கள்" என்றார் மறுமுனையில் பேசியவர்.

முதல் நாள் காலையில் நாங்கள் பார்த்தது, நீரில் இறங்கக் கூடாது என்று எச்சரிக்கும் ஒரு சிவப்புக் கொடியை. ஆள் உயரத்துக்கு எழுந்த அலைகள் மணலை அரைத்துக் கலக்கியிருந்ததால் நீர் பழுப்பு நிறத்தில் இருந்தது. நாளை சரியாகிவிடும் என்று விடுதியில் சொன்னார்கள். மறுநாளும் கொடி அங்கேயே இருந்தது. அதற்கு மறுநாளும். ஆறு நாட்களும் என் தாயார் காலையில் புறப்பட்டு, மணலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, கொடியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மழை வந்ததும் எழுந்து அறைக்கு வருவார். ஒரு குறையும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் மட்டும், "இந்தக் கொடியை இறக்குகிற ஆள் எப்போது வருவார்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்பதை உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு எனக்கு எழுதி அனுப்பினால் உதவியாக இருக்கும்.

ஆகவே என் வேண்டுகோளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எந்த நாட்டுக் கடற்கரையைப் பரிந்துரைத்தாலும், எந்த மாதங்களில் அங்கே நீரில் இறங்கலாம், எந்த மாதங்களில் இறங்கக் கூடாது, கரையில் உயிர்காப்பாளர் இருப்பாரா என்பதை அதன் படத்துக்குக் கீழே ஒரு வரியில் அச்சிடுங்கள். ஒரே ஒரு வரி.

இது வெறும் ஏமாற்றத்தைப் பற்றிய புகார் என்று நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக இன்னொன்றையும் சொல்கிறேன். நான்காம் நாள் என் அக்காள் மகன், இருபுறமும் அலை உடைந்து நுரைத்துக்கொண்டிருக்க நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாக இருந்ததைக் கண்டு, அங்கே இறங்கினால் என்ன என்று நாலடி எடுத்து வைத்துவிட்டான். உயிர்காப்பாளர் ஊதல் ஊதிக்கொண்டே ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தார். எங்கள் மொழி அவருக்குத் தெரியாது, அவர் மொழி எங்களுக்குத் தெரியாது. காலால் மணலில் கோடு கிழித்து விளக்கினார். அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் நீர் குறுகலான ஒரு வாய்க்கால் வழியாக மீண்டும் கடலுக்குள் பாயும். அந்த வாய்க்காலில் அலைகள் அதிகம் உடைவதில்லை என்பதால், கரையிலிருந்து பார்ப்பவருக்கு அபாயமான அந்த இடமே பாதுகாப்பான இடமாகத் தோன்றும். அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்து மூழ்குவார். பதறாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். ரிப் கரண்ட் என்று இதற்குப் பெயர் என்பதை அறைக்கு வந்தபின் தேடித் தெரிந்துகொண்டோம். வழவழப்பான தாளில் அச்சான உங்கள் கையேடு முழுவதிலும் இல்லாத செய்தியை அந்த இளைஞர் ஐந்து நிமிடத்தில் மணலில் எழுதிக் காட்டிவிட்டார்.

எங்களை விடுமுறைக்கே அனுப்பியிருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதே ஜூலையில், அதே தாய்லாந்தில், வளைகுடாப் பக்கம் இருக்கும் சமுயி தீவில் பெருமழைக் காலம் இன்னும் தொடங்கியிருக்காது. அங்கே அது அக்டோபருக்குப் பிறகுதான் வலுக்கும். இலங்கையின் தென்கரையிலுள்ள உனவட்டுனவும் மிரிஸ்ஸவும் ஜூலையில் கொந்தளிக்கும்போது, கிழக்குக் கரையின் நிலாவெளியும் பாசிக்குடாவும் அமைதியாக இருக்கும். டிசம்பரில் நிலைமை தலைகீழாக மாறும். பாசிக்குடாவில் கரையிலிருந்து வெகுதூரம் வரை ஆழமில்லை, என் தாயார் போன்றவர்களுக்கென்றே அமைந்த கடல் அது. மலேசியாவின் கிழக்குக் கரையை ஒட்டிய பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் வடகிழக்குப் பருவக்காற்றின்போது பெரும்பாலான விடுதிகள் பூட்டிக் கிடக்கும்; அக்காலத்தில் மேற்குப் பக்கத்து லங்காவிக்குப் போகலாம். ஒரு நாட்டின் ஒரு கரை மூடும்போது மறு கரை திறக்கிறது என்ற இந்த எளிய கணக்கைச் சொல்லிக் கொடுப்பதற்குத்தானே உங்களிடம் வருகிறோம்? படத்தை எங்களாலும் பார்க்க முடியும்.

இதழாசிரியர்களுக்கும் சில சொற்கள். இத்தாலியின் புதெல்லித் தீவிலுள்ள இளஞ்சிவப்பு மணற்கரையில் கால் வைக்க 1990-களிலிருந்தே தடை இருக்கிறது. கப்பல் சிதைவின் படத்தால் புகழ்பெற்ற கிரேக்கத்தின் நவாயோ கரையில் பாறைச் சரிவு அபாயம் காரணமாக 2023 முதல் இறங்க முடியாது. தாய்லாந்தின் மாயா விரிகுடா 2018-இல் மூடப்பட்டு 2022-இல் திறக்கப்பட்டபின், ஆண்டுதோறும் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மூடியிருக்கிறது. திறந்திருக்கும் மாதங்களிலும் நீந்த அனுமதியில்லை. இவை மூன்றையும் "வாழ்நாளில் ஒருமுறையாவது குளிக்க வேண்டிய கடற்கரைகள்" என்ற தலைப்பில் வெளியிடும் துணிச்சலை நான் வியக்கிறேன். கரீபியப் பக்கமோ 2011 முதல் வேறொரு தொல்லை: மெக்சிகோவின் துலும் போன்ற கரைகளில் கோடைக்காலத்தில் சர்காசம் என்னும் பழுப்புக் கடற்பாசி குவியல் குவியலாக ஒதுங்கி அழுகி, கெட்ட முட்டை போல நாறும். படத்தில் நாற்றம் தெரியாது என்பது உங்களுக்கு வசதிதான். இந்த வேகத்தில் போனால் அடுத்த ஆண்டு நிலவில் கடல் என்று பெயர் பெற்ற வறண்ட சமவெளிகளையும் பட்டியலில் சேர்த்துவிடுவீர்கள். அங்கேயும் சிவப்புக் கொடி கிடையாது.

மன்னிக்கவும், சொல் சற்றுத் தடித்துவிட்டது. உண்மையை அச்சிட்டால் வியாபாரம் கெடும் என்று நீங்கள் அஞ்சினால், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தைப் பாருங்கள். ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளத்துக்கு மாவு போன்ற வெண்மணல் பரந்த ஒயிட்ஹேவன் கரைக்கு அழைத்துப் போகிறவர்கள், நவம்பர் முதல் மே வரை நச்சுச் சொறிமீன்கள் (ஜெல்லி மீன்கள்) வரும் காலம் என்று முன்கூட்டியே சொல்லி, உடலை மூடும் ஆடையை அணியச் செய்தே நீரில் இறக்குகிறார்கள். அதனால் அந்தக் கரைக்குக் கூட்டம் குறைந்துவிடவில்லை.

உங்கள் பட்டியல்களில் உள்ள கடற்கரைகள் அழகானவை அல்ல என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். சேஷெல்ஸின் லா டீக் தீவில், யானை முதுகு போல வழவழத்த கருங்கற்பாறைகளுக்கு நடுவே ஆழமில்லாத நீர் தேங்கி நிற்கும் ஆன்ஸ் சூர்ஸ் தார்ஷான் கரையின் படத்தை என் தாயார் வெட்டி எடுத்து வைத்திருக்கிறார். அதே தீவின் மறுபக்கத்துக் கிராண்ட் ஆன்ஸ் கரையில் நீரோட்டம் ஆளை இழுத்துச் செல்லக்கூடியது. படத்தில் அதுவும் இதே அளவுக்கு நீலமாகத்தான் தெரிகிறது. எதில் இறங்கலாம் என்பதை அவருக்கு நான் எங்கிருந்தோ தேடித் தேடிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் சொன்னால் ஒரு வரியில் முடிந்துவிடும்.

என் தாயார் அடுத்த பயணத்துக்கு இப்போதே ஆயத்தமாகிவிட்டார். உங்கள் புதிய கையேடு அச்சுக்குப் போவதற்கு முன், ஒவ்வொரு படத்துக்குக் கீழும் இறங்கத்தக்க மாதங்களையும், இறங்கக் கூடாத மாதங்களையும், உயிர்காப்பாளர் உண்டா இல்லையா என்பதையும் குறிப்பிடும் அந்த ஒரு வரியைச் சேர்க்குமாறு மிகுந்த பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எழுத்து சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. மூக்குக் கண்ணாடி போட்டுப் படித்துக்கொள்வார்.

இங்ஙனம்,
ஜூலை மாதத்தில் கடற்கரை பார்த்த பயணி