777 கொடுக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில், தன் தளத்தில் 'பெர்மிஷன் டினைட்' வருகிறது என்று கேட்ட வாசகருக்கு, கோப்புறை முழுவதற்கும் 777 கொடுத்துவிடுங்கள் என்று பதில் வந்திருக்கிறது. இந்த மூன்று இலக்கங்கள் முறையே உரிமையாளர், குரூப், பிறர் ஆகியோரின் உரிமைகள்; 7 என்றால் படிக்க, எழுத, இயக்க எல்லா உரிமையும். சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். அந்தப் பதிலைத் தயவுசெய்து திருத்தி வெளியிடுங்கள்.

777 கொடுத்தால் அந்த சர்வரில் உள்ள எந்தக் கணக்கும் உங்கள் ஸ்கிரிப்டை மாற்றி எழுதலாம். பல தளங்கள் ஒன்றாக இருக்கும் சர்வரில், வேறொரு தளத்தில் புகுந்தவனுக்கு உங்கள் தளமும் திறந்து கிடக்கும். சரி, வேலையாவது நடக்குமா என்றால் அதுவும் நிச்சயமில்லை. அப்பாச்சி வெப் சர்வரில் சூஎக்ஸெக் (ஸ்கிரிப்டை அதன் உரிமையாளரின் கணக்கில் ஓட்டும் வசதி) இருந்தால், பிறர் எழுதக்கூடிய ஸ்கிரிப்டை அது ஓட்டவே மறுக்கும். 500 எரர்தான் மிஞ்சும். அதையே 755 ஆக்கினால், அதாவது எழுதும் உரிமையை உரிமையாளருக்கு மட்டும் விட்டால், ஓடும்.

நான் அடிக்கடி பார்க்கும் சிக்கல் ஸ்கிரிப்டில் இருப்பதே இல்லை. அது இருக்கும் பாதையில் இருக்கிறது. ஸ்கிரிப்ட் 755, அதன் கோப்புறையும் 755. ஆனால் அதற்கு மேலே உள்ள, பயனரின் ஹோம் கோப்புறை 750, அதாவது பிறருக்கு எந்த உரிமையும் இல்லை. உபுண்டு லினக்ஸில் 21.04 பதிப்பு முதல் புதிய பயனர்களுக்கு இதுதான் வழக்கம். வெப் சர்வர் ஓடுவதோ 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' என்ற தனிக் கணக்கில். மேல்படியில் எக்ஸ் உரிமை (கோப்புறைக்குள் நுழையும் உரிமை) இல்லாததால் அது உள்ளே நுழையவே முடியாது. ஸ்கிரிப்டுக்கு எத்தனை முறை சிஎச்மாட் (உரிமையை மாற்றும் கட்டளை) போட்டாலும் பலனில்லை. பாதையில் ஏதோ ஒரு படியில் உரிமை இல்லை என்று அப்பாச்சியின் எரர் லாகிலேயே எழுதியிருக்கும். யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். 'நேம்ஐ -எல்' கட்டளை ஒவ்வொரு படியின் உரிமையையும் வரிசையாகக் காட்டிவிடும். தடுக்கிற படியைக் கண்டுபிடித்து அங்கே மட்டும் எக்ஸ் கொடுங்கள். தளத்தை ஹோமுக்கு வெளியே வைத்தால் இன்னும் நல்லது.

படங்கள் பதிவேற்றும் கோப்புறை என்றால் அதை மட்டும் சவுன் (உரிமையாளரை மாற்றும் கட்டளை) செய்து வெப் சர்வர் கணக்கின் பெயரில் வையுங்கள். ரெட் ஹேட், ஃபெடோரா சர்வர்களில் எல்லா உரிமையும் சரியாக இருந்தும் மறுப்பு வந்தால் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அமைப்பு கோப்புக்கு இட்டிருக்கும் லேபிளைப் பாருங்கள். எஸ்இலினக்ஸையே அணைத்துவிடாதீர்கள்.

உங்கள் பதிலை நம்பி ஏற்கெனவே 777 கொடுத்தவர்கள் இருப்பார்கள். கோப்புறைகளை 755, கோப்புகளை 644 (உரிமையாளர் மட்டும் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம்) ஆக்கச் சொல்லி அவர்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள். வெப் சர்வர் தனி நிரலாக இயக்கும் சிஜிஐ ஸ்கிரிப்டுகள் மட்டும் 755. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் கோப்பை 640 (குரூப் படிக்கலாம், பிறருக்கு எதுவும் இல்லை) ஆக்கி, அதன் குரூப்பை வெப் சர்வருடையதாக மாற்ற வேண்டும். 777 இருந்தபோது யாராவது படித்திருக்கலாம் என்பதால், அப்புறம் அந்தப் பாஸ்வேர்டையும் உடனே மாற்றிவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சர்வர் நிர்வாகி