விண்வெளி வீரர்களுக்கு வேலூரில் ஒரு கூடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்வெளி வீரர்களுக்காக அமெரிக்காவில் இருக்கும் அருங்காட்சியகம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நம் வேலூரிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

1984 ஏப்ரல் 3 அன்று ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போனபோது நான் ஏழாம் வகுப்பு. தெருவே ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அவர் திரும்பி வந்த சோவியத் நாட்டின் சோயுஸ் விண்கலம் டெல்லி நேரு கோளரங்கத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று. மணியைக் கவிழ்த்து வைத்தது போல் இருக்கும் அந்தச் சின்னக் கலத்துக்குள் மூன்று பேர்! முழங்காலை மடக்கிக்கொண்டு, அவரவர் உடம்புக்கு அளவெடுத்து வார்த்த இருக்கையில் படுத்தபடி வந்தார்கள். தரையில் மோதும் அடி முதுகெலும்பைத் தாக்கக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நேரில் பார்த்த அன்றுதான் எனக்கே உறைத்தது. குடியாத்தத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் டெல்லி போக முடியும்?

இந்த மண்ணுக்கும் வானத்துக்கும் தொடர்பு உண்டு. பழைய வட ஆற்காட்டின் ஜவ்வாது மலையில், காவலூரில், 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி 1986 முதல் இருக்கிறது. திப்புவின் பிள்ளைகளை அடைத்து வைத்தது நம் கோட்டையில்தான். அந்தத் திப்புவின் படை ஏவிய இரும்புக்குழல் ராக்கெட்டுகளிடம் அடிபட்ட பிறகுதான் ஆங்கிலேயர் காங்கிரீவ் என்ற தங்கள் போர் ராக்கெட்டைச் செய்தார்கள்.

பெரிய கட்டடம் கேட்கவில்லை. சத்துவாச்சாரி அறிவியல் மையத்தில் ஒரு கூடம் போதும். விண்வெளிக்குப் போன முதல் மனிதர் ககாரினின் 108 நிமிடப் பயணம் அங்கே இருக்கட்டும். பாராசூட் விரியாமல் 1967இல் இறந்த சோவியத் வீரர் கொமரோவும், 2003இல் சிதறிய கொலம்பியா விண்கலத்தோடு போய்விட்ட கல்பனா சாவ்லாவும் இருக்க வேண்டும். அவர்களை விட்டுவிட்டு இந்த வரலாற்றைச் சொல்லவே கூடாது. மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் நம் நாட்டின் ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நால்வரில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர் என்பதைப் பிள்ளைகள் படத்தோடு பார்க்கட்டும். 2025இல் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்தில் பச்சைப்பயறும் வெந்தயமும் முளைக்க வைத்தார். ஈரத்துணியில் அதே பயறை முளைகட்டி, அவர் செய்ததைப் பிள்ளைகள் தங்கள் கையால் செய்து பார்க்க ஒரு மேசை போடலாம்.

அப்புறம், அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கக் கூடாது. மாவட்ட நிர்வாகம் இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
காட்பாடி